நாலு வரிசைக் கௌபியும் அம்மாவின் எலியும்

மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறேன், நாளைக்கு இரசாயனவியல் பாடத்துக்கு வீட்டுவேலை கூடச் செய்யவில்லை. ஆனாலும் நீ வளர்ந்து மீசை வைத்து, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்துக்கு வந்துவிட்ட பிள்ளை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ மகளாகவும் இருக்கலாம். மகள் என்றால் இதில் பாதியை எழுதாமலே விளங்கிக்கொள்வாள். அதனால் மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்தப் பக்கத்தின் மேல் மூலையில் ஒரு கறை இருக்கும், பார். நீ வாசிக்கிற காலத்தில் அது காய்ந்து மண்ணிறமாகியிருக்கும். இப்போது அது சிவப்பு. பயப்படாதே, எனக்குக் காயம் எதுவும் இல்லை. அது ஒரு செடியின் வேரிலிருந்து வந்த சிவப்பு. அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து என்னால் படுக்க முடியவில்லை. பாதி சந்தோஷத்தால், மீதிப் பாதி பயத்தால். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டிவிடும். அம்மாவிடம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு படு என்பார். தோழியிடம் சொன்னால் விடிவதற்குள் கிளிவெட்டி ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்பாவிடம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அவர் நித்திரையால் எழும்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் எனக்கு நீதான் இருக்கிறாய்.

குசினியில் நெல்மூட்டைக்குப் பின்னால் குந்தியிருக்கிறேன். அம்மாவின் போனில் இருக்கிற டோர்ச் வெளிச்சத்தைத் தாவணித் துணியால் மூடி, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் விட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். என் எழுத்து உண்மையில் நல்ல எழுத்து.

உன் தாத்தாவைப் பற்றி, அதாவது என் அப்பாவைப் பற்றி, முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கத்துகிற அப்பாக்களுக்குப் பயப்படத் தேவையில்லை, கத்தி முடிந்ததும் தேத்தண்ணி குடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். என் அப்பா சொன்னதைச் செய்கிறவர். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலை, "இனிச் சுருட்டு இல்லை" என்றார். அவ்வளவுதான். அன்றையிலிருந்து இன்றுவரை ஒரு சுருட்டு இல்லை. வாயில் வைத்திருந்ததைக்கூட முழுதாகப் பிடித்து முடிக்கவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு சொல் சொன்னால் அது மரத்தில் அடித்த ஆணி. அவர் என்னிடம் சொன்ன சொல் என்ன என்பதைச் சொல்கிறேன், அப்போதுதான் என் பயம் உனக்கு விளங்கும்.

எங்களுக்கு வயல் கொஞ்சம் இருக்கிறது. வயலைத் தாண்டிய மேட்டில் காடு வெட்டிய இரண்டு ஏக்கர் சேனை இருக்கிறது. சேனையில் மாரி மழையோடு சோளம் போடுவோம். மெல்லிய மண், கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடிவிடும். இரண்டு மூன்று வருடமாகச் சோளம் சரியில்லை. இடுப்பு உயரம் வந்ததும் கீழ் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும். மஞ்சள் நடு நரம்பு வழியாக நாக்கு நீட்டினாற்போல உள்ளே போகும், பிறகு இலை காய்ந்து தொங்கும். அப்பா அதைக் காய்ச்சல் என்பார். யூரியா கிடைக்காமல் போன வருடம் பொத்தி என் பெருவிரல் அளவுதான் வந்தது. அதற்குப் பிறகு கிடைக்கிற பசளையை அவர் மிச்சம் பிடித்துத்தான் போடுகிறார். முன்பு ஒரு சோளத்தின் அடிக்கு ஒரு சோடா மூடி யூரியா வைப்பார். இப்போது அரை மூடி. குனிந்து குனிந்து அந்த அரை மூடியை மண்ணில் வைத்து மூடும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பசித்த பிள்ளைக்குப் பாதிச் சோறு போடுகிற முகம்.

அப்படியிருக்க, எங்கள் விவசாயப் புத்தகத்தில் அவரையினத் தாவரங்கள் என்று ஒரு பாடம் வந்தது. கௌபி என்கிற தட்டைப்பயறு, பயறு, உழுந்து, கச்சான் கடலை எல்லாம் அந்தக் குடும்பம். அவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டாகும். அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கும். செடி அவற்றுக்குச் சீனி கொடுக்கும், அவை காற்றில் இருக்கிற நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். மகன், யூரியா என்றால் என்ன? அதே நைதரசன்தான். மூட்டையில் வருவதற்காக அப்பா வரிசையில் நிற்கிற அதே பொருள், எங்கள் தலைக்கு மேல் சும்மா மிதந்துகொண்டிருக்கிறது. அந்தப் பாடம் நடந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் வந்த வேகத்தில் இரண்டு தரம் சங்கிலி கழன்றது.

சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்பா, சோளத்துக்கு இடையில கௌபி போட்டா மண்ணுக்குத் தானாப் பசளை வருமாம்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்தில இருக்கு."

"அந்தப் புத்தகம் எந்த மண்ணில விளைஞ்சது?"

அம்மா சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாட்டில்லை அப்பா. ஒருக்காப் போட்டுப் பாப்பமே, ஒரு மூலையில எண்டாலும்."

அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "சோளத்துக்கே சாப்பாடு காணாமக் கிடக்கு. அதுக்குப் பக்கத்தில இன்னொண்டைக் கொண்டுபோய் இருத்தச் சொல்லுறாய். படிக்கிறதெண்டாப் படி, பிள்ளை. நான் மறிக்கேல்ல. ஆனா உன்ர புத்தகம் என்ர சேனைக்குள்ள வந்துதெண்டா, அதோட பள்ளிக்கூடம் இல்லை."

ஆணி அடித்தாயிற்று.

இனி என் களவைச் சொல்கிறேன். அம்மா கௌபியைப் பால்மா வந்த தகர ரின்னில் போட்டுக் குசினிச் சுவர்த் தட்டில் வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை காலையில் அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சம்பலோடு தருவார். அந்த ரின்னிலிருந்து முதலில் ஒரு பிடி எடுத்தேன். போதவில்லை. அடுத்த நாள் இன்னொரு பிடி. பிறகும் இரண்டு பிடி. அப்பா மூதூருக்குப் போன ஒரு சனிக்கிழமை, மயில் விரட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சேனையின் கடைசி மூலைக்குப் போய், யானை வேலிக்குப் பக்கத்தில் நாலு வரிசையில், சோளத்துக்கும் சோளத்துக்கும் இடையில் தடியால் குழி குத்தி இரண்டிரண்டு விதையாகப் போட்டேன். சோளம் அப்போது முழங்கால் உயரம்கூட இல்லை. அப்பா சேனையின் படலைக் கதவால் வந்து அங்கேயிருக்கிற கிணறுவரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், அந்த மூலைக்குப் போவது குறைவு. வீட்டுக்கு வந்தால் அம்மா ரின்னைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எலி. மூடியைத் திறந்து திண்டிட்டு மூடிவைச்சிட்டுப் போற எலி" என்றார். நானும் "ஓம் அம்மா, இப்ப எலியளுக்கும் அறிவு கூடிப்போச்சு" என்றேன். அன்று இரவே அம்மா எலிப்பொறியைத் தட்டில் வைத்து, கடற்கரை ஊரான சல்லியிலிருந்து மாமி கொடுத்தனுப்பிய கருவாட்டில் ஒரு துண்டைக் கொளுவிவிட்டார். ஒன்றரை மாதமாக அந்தப் பொறி அங்கேயே இருக்கிறது. ஒரு தரம் எங்கள் பூனையின் கால்தான் அகப்பட்டது. அந்தப் பூனையிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

என் முதல் பிழை களவு இல்லை. களவு இரண்டாவது. முதல் பிழை, பாடத்தில் எனக்குப் பிடித்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டது. கௌபி முளைத்ததும் அந்த நாலு வரிசைச் சோளமும் உடனே கறுத்துப் பச்சையாகிவிடும் என்று நினைத்தேன். கிழமைக்கு ஒரு தரம் களவாகப் போய், அந்த வரிசை இலையையும் மற்ற வரிசை இலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டும் ஒரே மஞ்சள். நொந்துபோய்த் திரும்பவும் புத்தகத்தைத் திறந்தால், அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது: கௌபி தன் பக்கத்தில் நிற்கிற பயிருக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். அதன் இலை கொட்டி, வேர் மண்ணுக்குள்ளே உக்கி, அடுத்ததாக வருகிற பயிருக்குத்தான் கூடக் கொடுக்கும். உனக்கு நான் தரக்கூடிய முதல் புத்தி இதுதான். ஒரு பக்கத்தை வாசித்து மனம் துள்ளினால், துள்ளிக்கொண்டே அடுத்த பக்கத்தையும் திருப்பு.

இன்று மத்தியானம் அப்பா அந்த மூலைக்குப் போய்விட்டார். வேலிக் கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர், ஒரு கௌபிச் செடியை வேரோடு பிடுங்கித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தால் வந்து கிணற்றடியில் சப்பாத்து கழுவிக்கொண்டிருந்தேன். அப்பாவின் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிந்தது.

"இஞ்ச பார்," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "வேர் முழுக்க முடிச்சு. கத்தரிக்கு வந்த அதே வருத்தம்."

கத்தரிக் கதை உனக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நீ உன் தாத்தாவை ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவாய். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிணற்றுக்குப் பக்கத்தில் அப்பா கத்தரி போட்டார். நன்றாக வந்த கன்றுகள் ஒரு கிழமையில் வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தது. அது புழுவால் வருகிற நோய். ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பிறகும் இரண்டு போகம் அந்த இடத்தில் எதை வைத்தாலும் வாடியது. முடிச்சு என்றால் அவருக்கு அதுதான் ஞாபகம். பட்டவர் பயப்படுகிறார். அதில் என்ன பிழை?

"ஆர் இதை அங்க போட்டது?" என்று கேட்டார்.

நான் குனிந்து சப்பாத்தைத் தேய்த்தேன். அம்மா செடியைப் பார்த்தார். குசினித் தட்டில் இருந்த ரின்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம்தான் எடுத்தது.

"நான்தான்," என்றார்.

"நீயோ?"

"ஓம். கறிக்காகும் எண்டு நாலு வரிசை போட்டனான்."

"சல்லிக்காரிக்குச் சேனையில என்ன வேலை? மண்ணிலயும் வலை வீசிப் பாத்தனியோ?"

"வலை வீசினா மீனாவது வரும். உங்கட சோளத்தில ரெண்டு வருசமா என்ன வந்தது?"

அம்மா சல்லியில் கடற்தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவர். இந்தப் பகிடி அவர்களுக்குள் கலியாண நாளிலிருந்தே நடக்கிறதாம். வழக்கமாக இந்த இடத்தில் அப்பா சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. "நாளைக்கு விடிய எல்லாத்தையும் பிடுங்கி எரிக்கப்போறன். பக்கத்தில நிக்கிற சோளத்தையும் சேர்த்துத்தான். இது பரவினா இந்த முறை ஒண்டுமே மிஞ்சாது," என்று சொல்லி, செடியை வேலியில் எறிந்துவிட்டுப் போய்விட்டார்.

நான் வாய் திறக்கவில்லை, மகன். என் அம்மா என் களவைத் தன் தலையில் தூக்கி வைத்ததைச் சப்பாத்தும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைக் கடந்து கிணற்றுக்குப் போகும்போது, "எலிக்குப் பொறி வைச்சன். வெள்ளைச் சட்டை போட்டு ரை கட்டின பள்ளிக்கூட எலியெண்டு தெரியாமப் போச்சு" என்றார். பிறகு குரலை இறக்கி, "வாயைத் திறக்காத. உனக்குச் சோதினை கிடக்கு. நாலு வரிசைதானே, போகட்டும்" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதுதான் என் மூன்றாவது பிழை. மூன்றிலும் பெரியது.

படுத்தும் நித்திரை வரவில்லை. அம்மாவை நினைத்து மட்டும் இல்லை. எனக்குள்ளே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அப்பா சொன்னது சரியாக இருந்தால்? நான் அந்த வேரைப் பிடுங்கிப் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் இருக்கிற படம் கறுப்பு வெள்ளை, நோய் முடிச்சும் நல்ல முடிச்சும் அதில் ஒரே மாதிரி உருண்டைதான். நான் எங்கள் சேனைக்குப் பசளை கொண்டுவருகிறேன் என்று நினைத்து நோயைக் கொண்டுவந்திருந்தால், அப்பாவுக்கு எந்த முகத்தைக் காட்டுவேன்? எழும்பி, மெல்லக் கதவைத் திறந்து, வேலியில் தொங்கிய செடியை எடுத்துக்கொண்டு வந்தேன். நாய் ஒரு தரம் உறுமியது, என்னைக் கண்டதும் வாலை ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டது. வேரை வாளித் தண்ணீரில் அலசினேன். முடிச்சுகள் மிளகளவில் இருந்தன. பென்சில் சீவுகிற பிளேட்டை எடுத்து ஒன்றைப் பாதியாக வெட்டினேன்.

உள்ளே சிவப்பு.

சும்மா சிவப்பு இல்லை. மாதுளை முத்தை நசித்தாற்போல ஈரமான, உயிருள்ள சிவப்பு. புத்தகத்தில் அந்த வரி இருந்தது, நான் மறந்தே போனேன்: முடிச்சு வேலை செய்கிறது என்றால் அதன் உள்ளே சிவப்பாக இருக்கும். எங்கள் இரத்தத்தைச் சிவப்பாக வைத்திருக்கிற பொருளுக்கு உறவான ஒரு பொருள் அதில் இருக்கிறதாம். ஐந்து முடிச்சை வெட்டினேன். நாலு சிவப்பு. ஒன்று மட்டும் பச்சை கலந்த வெள்ளை, அது வேலை செய்யாத முடிச்சு, அப்படியும் சில இருக்கும். உன்னிடம் பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அதையும் எழுதுகிறேன். ஆறாவதை இந்தப் பக்கத்தின் மூலையில் வைத்து நசித்தேன். அந்தக் கறைதான் நீ பார்த்தது. யோசித்துப் பார் மகன், யானை வேலிக்குப் பக்கத்தில், ஒருவரும் பார்க்காத மூலையில், நான் இரசாயனவியலில் தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம், என் களவு விதைகள் காற்றைப் பிடித்துப் பசளையாக்கிக்கொண்டு இருந்திருக்கின்றன. எனக்கு எழும்பி நின்று கை தட்ட வேண்டும் போல இருக்கிறது. தட்டினால் எல்லோரும் எழும்பிவிடுவார்கள்.

விடிந்தால் அப்பா அவற்றை எரிப்பார். தடுக்க வேண்டுமென்றால் போட்டது நான் என்றும் புத்தகத்தைப் பார்த்துத்தான் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும். சொன்னால் பள்ளிக்கூடம் இல்லை. சொல்லாவிட்டால் நாலு வரிசையும் சாம்பல், பழி அம்மாவுக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். உனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் இருக்கலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

உனக்கு ஏன் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் என் அப்பாவின் மகள். அவருடைய மூக்கும் பிடிவாதமும் எனக்கு இருக்கின்றன. ஒரு நாள் நீ ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, என்னிடம் ஓடி வருவாய். நான் அப்போது எதிலோ ஒரு தரம் சூடுபட்டவளாக இருப்பேன். "ஆர் சொன்னது?" என்று கேட்பேன். அந்த நேரம் என்னோடு வாதாடி மினக்கெடாதே. இந்தக் கடிதத்தை எடுத்து, என் முன்னால் நின்று, சத்தமாக வாசி.

அப்பா இருமுகிறார். நிறுத்துகிறேன்.

இது அடுத்த நாள் இரவு. அதே நெல்மூட்டை, அதே டோர்ச். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விடிய அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, நெருப்புப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு படலையைத் திறக்கும்போது நான் முன்னால் போய் நின்றேன். ஒரு கையில் செடி, மற்றக் கையில் பிளேட். இரவு முழுக்க ஒரு பேச்சுத் தயார் செய்திருந்தேன். நைதரசனில் தொடங்கி மன்னிப்பில் முடிகிற பேச்சு. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அப்பா, அம்மா இல்லை. நான்தான் எலி."

அப்பா மண்வெட்டியை இறக்கினார். "என்ன?"

"கௌபியை எடுத்தது நான். போட்டதும் நான். புத்தகத்தைப் பாத்துத்தான் போட்டனான். இது வருத்தம் இல்லை அப்பா. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. இதை மட்டும் ஒருக்கா வெட்டிப் பாருங்கோ."

அவர் செடியை வாங்கவில்லை. பிளேட்டையும் வாங்கவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் பின்னால் போனேன். வயல் வரம்பில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்த அந்தத் தூரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த முதுகிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

நாலு வரிசைக்கு வந்ததும் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கினார். கௌபி பூக்கத் தொடங்கியிருந்தது. மண்ணை உதறினார். வேரைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பெருவிரல் நகத்தால் ஒரு முடிச்சைச் சுண்டினார். அது சட்டென்று கழன்று விழுந்தது, வேர் அப்படியே நின்றது. இன்னொன்றைச் சுண்டினார். அதுவும் விழுந்தது.

"கத்தரியில கழராது," என்றார், தனக்குத் தானே. "கத்தரியில வேரேதான் வீங்கியிருந்தது. இது வெளியால வந்து ஒட்டினமாதிரி இருக்கு."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, மகன். அந்த வித்தியாசம் எனக்கே தெரியாது. ஒரு தோட்டத்தை முழுதாக இழந்த மனிதருக்குத்தான் அது தெரிந்திருந்தது.

"அந்தப் பிளேட்டைத் தா."

வெட்டினார். சிவப்பு. அடுத்த வரிசைக்குப் போய் இன்னொரு செடி. சிவப்பு. ஆறேழு செடி பிடுங்கிவிட்டார். "அப்பா, இப்பிடிப் பாத்துக்கொண்டே போனா ஒண்டும் மிஞ்சாது" என்றேன். "எரிக்கத்தானே வந்தனான். பத்தைப் பிடுங்கினா என்ன?" என்றார். ஆனால் அடுத்ததைப் பிடுங்கவில்லை.

"அப்ப, இது இப்ப சோளத்துக்குக் குடுக்குதோ?"

ஓம் என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. "இப்ப கொஞ்சம்தான். அடுத்த முறை போடுற சோளத்துக்குத்தான் கூட. இலை கொட்டி, வேர் மண்ணுக்குள்ளயே உக்கோணும்."

"வேர் மண்ணுக்குள்ளயோ?"

"ஓம். காயை ஆஞ்சாப்பிறகு அடியில அறுத்து, கொடியை நிலத்திலயே போட்டிடோணும். பிடுங்கக்கூடாது."

அப்பா வரம்பில் குந்திவிட்டார். ஏன் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் பயறோ கௌபியோ காய் முற்றினால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். செடியை வேரோடு பிடுங்குவோம், கட்டிக்கொண்டுவந்து முற்றத்திலோ றோட்டிலோ காயப்போடுவோம், தடியால் அடித்துத் தானியத்தை எடுப்போம், சக்கையைக் குவித்து நெருப்பு வைப்போம். அது சுத்தமான வேலை என்று பெயர். நானே அந்த நெருப்பில் மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தின்றிருக்கிறேன். இதே சேனையின் மற்றப் பக்கத்தில் அப்பா வருடாவருடம் பயறு போட்டுத்தான் வருகிறார். காய் முற்றிக் காய்ந்த பிறகு பிடுங்குவதால், முடிச்செல்லாம் அதற்குள் சுருங்கி உதிர்ந்துவிடும், அவர் கண்ணில் ஒரு நாளும் பட்டிருக்காது.

அவர் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணம் முடிச்ச வருசத்தில இருந்து பிடுங்கி எரிச்சிருக்கிறன், பிள்ளை. பசளையை எரிச்சுப்போட்டு, பசளைக்கு வரிசையில நிண்டிருக்கிறன்."

வென்ற மாதிரி இருக்கும் என்று இரவு முழுக்க நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை. பக்கத்தில் போய் வரம்பில் குந்திக்கொண்டேன். வேலிக்கு அப்பால் மயில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. நெருப்புப்பெட்டியைத் திரும்பவும் மடியில் செருகிவிட்டு அவர் பழைய குரலில் கதைத்தார்.

"நாலு வரிசையும் நிக்கட்டும். பயறையும் இந்த முறை அறுத்துத்தான் எடுப்பம். அறுப்பு முடிய ஊர்மாடு உள்ளுக்க வரும், கொடியை எல்லாம் திண்டுபோடும். மாடு வராமப் படலையைக் கட்டுறது உன்ர வேலை. அடுத்த மாரிக்கு இந்த நாலு வரிசையிலயும் அரை மூடி யூரியாவும் வைக்கமாட்டன். சோளம் மஞ்சளா வந்துதெண்டா..."

"வந்தா?"

"வந்தா புத்தகத்தைக் கொண்டுவா. மிச்சம் என்ன எழுதியிருக்கெண்டு பாப்பம்."

அது எனக்குப் போதுமான பதில்தான். ஆனாலும் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கேட்காவிட்டால் எனக்கு இன்றும் நித்திரை வராது. "அப்ப, பள்ளிக்கூடம்?"

அப்பா எழும்பி, சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "புத்தகம் சேனைக்குள்ள வந்தாத்தான் பள்ளிக்கூடம் இல்லையெண்டு சொன்னனான். வந்தது எலிதானே."

அடுத்த மாரிக்கு அந்த நாலு வரிசை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. மஞ்சளாகவே வரலாம். இந்த மண்ணுக்கு ஒரு போகம் போதாமலும் போகலாம். நீ இதை வாசிக்கும்போது அந்தப் பதில் உனக்குப் பழங்கதை. எனக்கு அது இன்னும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை எப்படித் தள்ளுவது என்று நினைத்தாலே கால் தரையில் நிற்கவில்லை. ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். எங்கே இருந்தாலும், எந்தத் தொழில் செய்தாலும், ஒரு செடியைப் பிடுங்கப் போகும்போது அதன் வேரை ஒரு தரம் பார். யாராவது உன் பிழையைத் தன் தலையில் வைத்தால், விடிவதற்கு முன்னால் இறக்கி எடு. எனக்கு ஒரு இரவு பிந்திவிட்டது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்றார். என் முகத்தையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைத்தார்.

"சல்லிக்காரி, பொறியை எடு. எலியைப் பிடிச்சாச்சு."

"பிடிச்சு என்ன செய்யப்போறியள்?"

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது. சாப்பாட்டைக் கட்டி அனுப்பு."

இன்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். ரின்னில் மிஞ்சியிருந்த கௌபி முழுவதையும் அவித்து, தேங்காய்ப்பூவும் போட்டு, மூடி முட்ட நிரப்பியிருந்தார். அதன்மேல் ஒரு துண்டு கருவாடு. பொறியில் இருந்த துண்டின் அளவு.

என்றோ ஒரு நாள் உன் அம்மாவாகப் போகிற எலி.